பணம் எங்கே போகிறது?

2001ஆம் ஆண்டு. மார்ச் மாதம். குஜராத் மாநிலத்தில் உள்ள அகமதாபாத் நகரம்.

அந்த ஆண்டு சனவரி 26ஆம் தேதி குஜராத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் ஆறவில்லை. அதற்குள் இன்னோர் அதிர்ச்சி வந்தது. இந்த முறை ஆடியது நிலம் அல்ல. ஒரு வங்கி.

அதன் பெயர் மாதவ்புரா மெர்கன்டைல் கூட்டுறவு வங்கி. "அந்த வங்கியில் பணம் இல்லையாம்" என்று ஊரில் பேச்சு கிளம்பியது. மக்கள் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வங்கி வாசலில் கூட்டம் கூடியது. எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டார்கள். சில நாட்களில் வங்கியால் பணம் கொடுக்க முடியவில்லை.

அவர்கள் சூதாடியவர்கள் அல்ல. பத்திரமாக இருக்கட்டும் என்று வங்கியில் பணம் போட்டவர்கள். ஆனால் அந்தப் பணம் போன இடம் பங்குச் சந்தை. பங்கு விலை விழுந்தது. வங்கியும் விழுந்தது.

பங்குச் சந்தைக்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு? சந்தை விழுந்தால் நம் சேமிப்பும் போய்விடுமா? இதைத் தெரிந்துகொள்வது எல்லாருக்கும் நல்லது.

வங்கியில் போட்ட பணம்

நாம் வங்கியில் 100 ரூபாய் போடுகிறோம். அந்த நோட்டு பெட்டிக்குள் தூங்குவதில்லை. வங்கி அதில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கிறது. கேட்பவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க அது வேண்டும். மீதியைக் கடனாகக் கொடுக்கிறது. ஒருவர் கறவை மாடு வாங்குகிறார். ஒருவர் கடை வைக்கிறார். ஒருவர் வீடு கட்டுகிறார்.

கடன் வாங்கியவர் வட்டி கட்டுகிறார். அவர் 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 ரூபாய் வட்டி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வங்கி நமக்கு 6 ரூபாய் வட்டி தருகிறது. நடுவில் உள்ள 4 ரூபாயில்தான் சம்பளம், வாடகை, செலவு எல்லாம். மிச்சம் இருந்தால் லாபம்.

ஆகவே நம் பணம் பத்திரமாக இருக்க ஒன்று முக்கியம். கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட வேண்டும்.

கூட்டுறவு வங்கியும் இப்படித்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அதன் சொந்தக்காரர்கள் அதன் உறுப்பினர்களே. ஒருவர் 100 ரூபாய்க்குப் பங்கு வைத்திருப்பார். இன்னொருவர் 10,000 ரூபாய்க்கு வைத்திருப்பார். இருவருக்கும் ஒரே ஓட்டுதான். அதுதான் கூட்டுறவின் முறை. இந்தியாவில் இது பழைய வழக்கம். 1889இலேயே பரோடாவில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார்கள். 1904இல் இதற்கென்று சட்டம் வந்தது.

பங்கு என்றால் என்ன?

ஓர் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து மாவு மில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டார்கள். மில்லில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. லாபம் வந்தால் பத்தாகப் பிரிப்பார்கள். நட்டம் வந்தாலும் பத்துப் பேருக்கும்தான்.

ஒருவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது. மில்லைத் துண்டு போட்டு விற்க முடியாது. தன் பங்கை விற்கலாம். மில் நன்றாக ஓடுகிறது. ஆகவே ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்து அதை வாங்குகிறார்.

அடுத்த மாதம் ஒரு பேச்சு வருகிறது. "பக்கத்துத் தெருவில் இன்னொரு மில் வரப் போகிறதாம்." இப்போது அதே பங்கை 700 ரூபாய்க்குத்தான் கேட்கிறார்கள். மில் அப்படியேதான் இருக்கிறது. கல் தேயவில்லை. மோட்டார் கெடவில்லை. விலை மட்டும் இறங்கிவிட்டது. ஏன்? நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம்.

1,500 ரூபாய்க்கு வாங்கியவர் என்ன செய்வார்? சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் பொறுத்திருக்கலாம். கடன் வாங்கி வாங்கியிருந்தால் பொறுக்க முடியாது. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார். 700 ரூபாய்க்கு விற்றே ஆக வேண்டும். விற்ற பிறகும் 800 ரூபாய்க் கடன் நிற்கும். இந்த இடத்தை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

பங்குச் சந்தை

பெரிய கம்பெனிகளுக்கு லட்சக்கணக்கான பங்குகள் இருக்கும். அவற்றை வாங்கவும் விற்கவும் உள்ள இடமே பங்குச் சந்தை. மும்பையில் தலால் வீதியில் பழைய பங்குச் சந்தை இருக்கிறது. அது 1875இல் தொடங்கியது. அதற்கு முன்பு தரகர்கள் ஆலமரத்தடியில் கூடி வியாபாரம் செய்தார்கள். இன்று எல்லாம் கணினி வழியாக நடக்கிறது.

செய்தியில் "சென்செக்ஸ் இறங்கியது" என்று சொல்வார்கள். சென்செக்ஸ் என்பது ஓர் எண். 30 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். 1978-79ஆம் ஆண்டில் அந்த எண் 100 என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு எவ்வளவு கூடியது, குறைந்தது என்று பார்க்கிறார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது போல.

விலை ஏன் விழுகிறது?

விற்பவர் அதிகமானால் விலை விழும். வாங்குபவர் குறைந்தாலும் விழும். தக்காளிக்கும் இதே கதைதான். ஆனால் தக்காளி கண்ணுக்குத் தெரியும். பங்கின் மதிப்பு கண்ணுக்குத் தெரியாது. எனவே நம்பிக்கையும் பயமும் விலையை வேகமாக ஏற்றி இறக்கும். சில உண்மை நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

1992: சில தரகர்கள் வங்கிகளின் பணத்தை முறைகேடாக எடுத்தார்கள். அதைக் கொண்டு பங்கு விலையை ஏற்றினார்கள். ஏப்ரல் மாதம் சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டியது. அதே மாதம் மோசடி வெளியே வந்தது. விலை சரிந்தது. ஓர் ஆண்டில் சென்செக்ஸ் ஏறத்தாழ பாதியாகிவிட்டது.

2008: அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் திரும்பவில்லை. அங்கே பெரிய நிறுவனங்கள் சாய்ந்தன. வெளிநாட்டார் இங்கே வைத்திருந்த பங்குகளை விற்றார்கள். சனவரியில் 21,000 வரை போன சென்செக்ஸ் அக்டோபரில் 9,000க்கும் கீழே வந்தது. மறுபடி 21,000ஐத் தொட 2010 நவம்பர் வரை ஆயிற்று.

2020: கொரோனா நோய் பரவியது. நாடே பூட்டிக்கொண்டது. மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் சென்செக்ஸ் 3,900 புள்ளிக்கு மேல் விழுந்தது. 26,000க்கும் சற்றுக் கீழே நின்றது. ஆனால் 2021 சனவரியில் 50,000ஐத் தொட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சந்தை விழும். பிறகு எழவும் எழும். ஆனால் எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. சந்தை எழுந்தாலும் எல்லாக் கம்பெனியும் எழுவதில்லை. ஐதராபாத்தில் சத்யம் என்று ஒரு கணினிக் கம்பெனி இருந்தது. அதன் கணக்கு பொய் என்று 2009 சனவரி 7ஆம் தேதி அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று.

இரண்டும் ஒன்று அல்ல

வங்கியில் டெபாசிட் போட்டால் வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது. போட்ட பணத்தையும் சொன்ன வட்டியையும் அது தர வேண்டும். வங்கிக்கு லாபம் குறைந்தாலும் தர வேண்டும்.

பங்கு வாங்கினால் நமக்கு யாரும் கடன்பட்டிருக்கவில்லை. நாம் ஒரு தொழிலில் பங்காளி. வந்தால் லாபம். போனால் நட்டம்.

2020 மார்ச் 23ஆம் தேதி சந்தை அப்படி விழுந்தது. ஆனால் அந்த விழ்ச்சியால் யாருடைய சேமிப்புக் கணக்கிலும் ஒரு ரூபாய் குறையவில்லை. பங்கு விலை இறங்கினால் பாஸ்புக்கில் உள்ள தொகை இறங்காது. இதைத் தெரிந்துகொண்டவர் செய்தியைக் கேட்டுப் பதற மாட்டார்.

இப்படி இருக்கும்போது அகமதாபாத்தில் மட்டும் ஏன் அப்படி நடந்தது?

மாதவ்புரா வங்கி விழுந்த கதை

மில் கதையில் ஒருவர் கடன் வாங்கிப் பங்கு வாங்கினார் அல்லவா? அந்தக் கடனைக் கொடுத்தது வங்கி என்றால் என்ன ஆகும்? அதுதான் அங்கே நடந்தது.

மும்பையில் ஒரு பெரிய பங்குத் தரகர் இருந்தார். மாதவ்புரா வங்கி அவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் பல நூறு கோடி ரூபாய் கடன் கொடுத்தது. பங்குக்காக இவ்வளவுதான் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருந்தது. அந்த விதியை மீறியே கொடுத்தது. ஆயிரம் பேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டிய பணம் ஒரே பக்கம் போயிற்று.

2001 மார்ச் மாதத் தொடக்கத்தில் பங்கு விலைகள் சரிந்தன. தரகரால் கடனைக் கட்ட முடியவில்லை. செய்தி பரவியது. மக்கள் வரிசையில் நின்றார்கள்.

அதோடு முடியவில்லை. குஜராத்தில் பல சிறிய கூட்டுறவு வங்கிகள் தங்கள் பணத்தை மாதவ்புரா வங்கியில் போட்டிருந்தன. அந்தப் பணமும் சிக்கிக்கொண்டது. எங்கோ சிறு ஊரில் இருந்தவர்கள்கூடக் கவலைப்பட்டார்கள். மாதவ்புரா என்ற பெயரையே கேட்டிராதவர்களுக்கும் தொல்லை வந்தது.

வங்கியைத் தூக்கி நிறுத்தத் திட்டம் போட்டார்கள். அது பலிக்கவில்லை. 2012 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி அதன் உரிமத்தை ரத்து செய்தது. நடுவில் பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்த அடியிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. நகரக் கூட்டுறவு வங்கிகள் பங்குத் தரகர்களுக்குக் கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001இல் தடை போட்டது.

அதே ஊரில் இன்னொரு வங்கி

கூட்டுறவு வங்கியே கெட்டது என்று நினைக்கக் கூடாது. அதே அகமதாபாத்தில் இன்னொரு கூட்டுறவு வங்கி இருக்கிறது. சேவா வங்கி. பெண்களே நடத்தும் வங்கி.

காய்கறி விற்கும் பெண்கள், பழைய துணி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், வண்டி இழுப்பவர்கள். இவர்களுக்குச் சேவா என்ற சங்கம் இருந்தது. எளா பட் என்பவர் அதை 1972இல் தொடங்கினார். உழைத்த காசு கந்து வட்டிக்கே போகிறது என்று பெண்கள் வருந்தினார்கள். நமக்கு நாமே வங்கி வைத்தால் என்ன என்று கேட்டார்கள்.

1974இல் சுமார் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டார்கள். ஆனால் ஒரு தடை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். பதிவுக்குக் கையெழுத்து வேண்டும். அந்தப் பெண்கள் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். வங்கி பதிவானது.

அந்த வங்கி பணத்தை எதற்குக் கடன் கொடுத்தது? தள்ளுவண்டி வாங்க. தையல் இயந்திரம் வாங்க. கூரையைச் சரி செய்ய. அடகில் உள்ள நகையை மீட்க. கடன் வாங்குபவரின் தொழிலும் வீடும் வங்கிக்குத் தெரியும். பலருக்குச் சிறு சிறு கடன். ஒருவர் கட்டத் தவறினாலும் வங்கி சாயாது. 50 ஆண்டுகளைக் கடந்தும் அந்த வங்கி நடக்கிறது.

ஒரே ஊர். இரண்டும் கூட்டுறவு வங்கிதான். ஒன்று விழுந்தது. ஒன்று நிற்கிறது. பணம் யாருக்குக் கடனாகப் போனது என்று பாருங்கள். வேறுபாடு புரியும்.

காப்பீடு உண்டா?

வங்கி மூழ்கினால் டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. 1960இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கியது. பலர் பணம் இழந்தார்கள். அதன் பிறகு 1962இல் இந்தக் காப்பீடு தொடங்கியது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான். மாதவ்புரா வங்கி விழுந்தபோது 1 லட்சம் ரூபாய் வரை. 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை என்று உயர்த்தினார்கள்.

இதற்கு நாம் பணம் கட்ட வேண்டாம். வங்கியே கட்டுகிறது. ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளையும் கூட்டித்தான் 5 லட்சம். அசலும் வட்டியும் அதற்குள் அடக்கம். பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டால், காப்பீட்டுப் பணத்தை 90 நாட்களுக்குள் தர வேண்டும். 2021இல் வந்த சட்டத் திருத்தம் இதைச் சொல்கிறது.

அரசு வங்கிக்கு இந்தக் காப்பீடு உண்டு. தனியார் வங்கிக்கும் உண்டு. கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. ஆனால் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இல்லை. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் இந்தக் காப்பீடு இல்லை.

வங்கி வேறு. சங்கம் வேறு. வங்கிக்கு ரிசர்வ் வங்கியின் உரிமம் இருக்கும். சில சங்கங்கள் உரிமம் இல்லாமல் பெயரில் "வங்கி" என்று போட்டுக்கொள்கின்றன. இதைப் பற்றி 2021இல் ரிசர்வ் வங்கி மக்களை எச்சரித்தது.

சங்கம் என்றால் மோசம் என்று பொருள் இல்லை. பல சங்கங்கள் உழவர்களுக்குப் பெரும் துணையாக இருக்கின்றன. ஆனால் அங்கே உறுப்பினர்களின் கண்தான் காவல். கண் மூடியிருந்தால் காவல் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் போடும் முன்பு கேளுங்கள். கேட்பது தவறு அல்ல. அது நம் உரிமை.

1. இது வங்கியா, சங்கமா? வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் உரிமம் இருக்கிறதா?

2. டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டா?

3. மற்ற வங்கிகளைவிட மிக அதிக வட்டி தருகிறார்களா? அப்படியானால் அந்தப் பணத்தை எங்கே போட்டு அவ்வளவு சம்பாதிக்கிறார்கள்?

4. இது டெபாசிட்டா, வேறு ஏதாவதா? இன்று வங்கிக்குள்ளேயே மியூச்சுவல் பண்டும் விற்கிறார்கள். அதில் பல வகை பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும். வங்கிக்குள் விற்றாலும் அது டெபாசிட் ஆகாது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

5. நீங்கள் உறுப்பினரா? பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள். தணிக்கை அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள். பெரிய கடன் யாருக்குப் போயிருக்கிறது? எவ்வளவு கடன் திரும்பவில்லை? எழுந்து நின்று கேளுங்கள்.

கடைசியாக

பங்குச் சந்தை வேண்டாதது அல்ல. கம்பெனிகள் தொழில் தொடங்க அங்கே பணம் கிடைக்கிறது. ஆனால் அங்கே போடும் பணம் போனாலும் குடும்பம் தாங்க வேண்டும். மகளின் கல்யாணப் பணம் அங்கே போகக் கூடாது. மருத்துவச் செலவுக்கு வைத்த பணம் போகக் கூடாது. கடன் வாங்கிய பணம் போகவே கூடாது.

சந்தை விழுந்தது என்று கேட்டவுடன் வங்கிக்கு ஓட வேண்டாம். எல்லாரும் ஒரே நாளில் ஓடினால் நல்ல வங்கியும் தடுமாறும். அதே நேரம், வங்கியில் போட்டாயிற்று, இனிக் கவலை இல்லை என்று தூங்கவும் வேண்டாம்.

அகமதாபாத்தில் அன்று வரிசையில் நின்றவர்கள் பாஸ்புக்கைக் கையில் பிடித்திருந்தார்கள். அதில் எவ்வளவு பணம் என்று எழுதியிருந்தது. அது எங்கே போனது என்று எழுதியிருக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

1. பங்கு வாங்குவதற்கும் டெபாசிட் போடுவதற்கும் என்ன வேறுபாடு?

2. மாதவ்புரா வங்கி ஏன் விழுந்தது?

3. உங்கள் ஊரில் உள்ள கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது? உங்களில் யார் யார் போனீர்கள்?